பாதியில் நின்ற ஷட்டர்

அந்தக் கடைத்தெருவில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவள் அவள் ஒருத்திதான். அதனால் அவளுக்குக் காயிலக்கா என்றே பேர் நிலைத்துவிட்டது. வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்கூல் பஸ் ஓட்டுகிற அவளுடைய வீட்டுக்காரர் எப்போதாவது கடைப்பக்கம் வந்தால், "அக்கா, எங்க வீட்டு ஃபேன் ரெடியா?" என்று வேண்டுமென்றே கேட்பார். அவள் முறைப்பாள். அவளுடைய வீரமெல்லாம் அந்த முறைப்போடு சரி.

மற்றபடி அவள் சரியான பயந்தாங்கொள்ளி. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, அவளே சொல்லிக்கொள்வாள். லிஃப்டில் ஏற மாட்டாள். நாய் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போவாள். அந்தப் பக்கமும் நாய் நின்றால் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். மின்சாரத்தோடு பிழைக்கிறவள் இப்படி இருந்தால் எப்படி என்று கேட்பீர்கள். பிழைப்பே அந்தப் பயத்தால்தான் ஓடியது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிடுங்கிவிட்டோமா என்று மூன்று தடவை பார்ப்பாள். காயிலுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு காகிதம் வைக்க வேண்டிய இடத்தில் இரண்டு வைப்பாள். வார்னிஷ் காய ஒரு நாள் போதுமென்றால் அவள் இரண்டு நாள் காய விடுவாள். அவசரப்படுகிறவர்களை வேறு கடைக்குப் போகச் சொல்வாள். போக வேறு கடை இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். பயந்தவள் கட்டின காயில் எரியாது என்று தெருவில் ஒரு பேச்சே உண்டு.

எல்லாப் பயத்திலும் பெரிய பயம் கையெழுத்துப் பயம். அதற்குக் காரணம் இருந்தது. இருபது வயதில் ஒரு மின்விசிறி ஃபாக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். நீளமான கொட்டகை, இரண்டு பக்கமும் பெஞ்சு, பெஞ்சுக்கு எட்டு பெண்கள். அங்கேதான் செம்புக்கம்பியை விரல் இடுக்கில் விட்டு, கண்ணால் பார்க்காமலே சுற்றை எண்ணப் பழகினாள். பதினொரு வருஷம் எண்ணினாள். ஒரு நாள் மத்தியானம் மேனேஜர் ஒரு தாளை நீட்டி, வருகைப் பதிவு மாதிரிதான், எல்லாரும் போட்டாச்சு என்றார். அவளும் போட்டாள். தன் சொந்த விருப்பத்தில் வேலையை விடுவதாக அதில் எழுதியிருந்தது மறுநாள் கேட் பூட்டியிருந்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து பேனாவைக் கண்டாலே அவள் கை வியர்த்துவிடும்.

ஃபாக்டரி போன பிறகு, கடைத்தெருவின் பின்சந்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு கட்டிங் பிளேயர், கம்பி சுற்ற ஒரு மரச்சட்டம், ஒரு சோதனை பல்பு. தலையை நிமிர்த்தினால் படி இடிக்கும். பக்கத்தில் பைகளுக்கு ஜிப் மாற்றுகிற ஒரு அம்மா. ஜிப்பம்மா என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. தன் மேஜையின் பாதியை ஒதுக்கி, "உன் சாமானை இங்க வெச்சுக்கோ, எனக்கு ஊசி வைக்க எவ்வளவு இடம் வேணும்?" என்று சொன்னவள் அவள்தான். ஆறு வருஷம் அந்தப் பாதி மேஜையில் காயில் கட்டினாள். பிறகு முன்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், கண் சரியாகத் தெரியாமல் போய், மகனோடு இருக்கக் கிளம்பினார். கிளம்பும்போது கடையை இவள் பேருக்கு மாற்றிக் கொடுத்தார். பத்தடிக்கு எட்டடி. ஆனால் ஷட்டர் இருந்தது. ஷட்டர் வந்ததும் அவளுக்கு ஓட்டும் வந்தது.

அந்த வியாபாரிகள் சங்கத்தின் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். சங்கம் தொடங்கினபோது கூடிப் பேச ஒரு அறைகூட இல்லை. அதனால் பழைய ஆட்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். தீர்மானம் எதுவானாலும் முதல் நாள் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குச் சம்மதம் என்கிறவர் ஷட்டரை முழுக்கத் தூக்க வேண்டும். சம்மதம் இல்லாதவர் பாதியில் நிறுத்த வேண்டும். செயலாளர் நோட்டுப் புத்தகத்தோடு தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து குறித்துக்கொள்வார். அவர் நடக்கும்போது அவரும் பேசக்கூடாது, அவரிடமும் யாரும் பேசக்கூடாது. ஒருவருக்கொருவர் சைகைகூடக் கூடாது. யாரும் யாரையும் இழுக்கக்கூடாது என்பதற்காக வைத்த விதி.

ஒரே ஒரு ஷட்டர் பாதியில் நின்றாலும் தீர்மானம் நிறைவேறாது. மூன்று நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது தடவை ஐந்து ஷட்டர் பாதியில் நின்றுவிட்டால், பெட்டி வைத்து, சீட்டுப் போட்டு, யார் எப்படிப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாமல் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால், தீர்மானத்தால் யாருக்குப் பாதிப்போ அவர்களை வரவழைத்துப் பேசவிட வேண்டும். ஐந்துக்குக் குறைந்தால் தீர்மானம் நிறைவேறியதாக ஆகிவிடும். எல்லாம் விதிப் புத்தகத்தில் அச்சடித்து இருந்தது. ஆனால் முப்பது வருஷத்தில் ஒரு ஷட்டரும் பாதியில் நின்றதில்லை. தெருவே பார்க்க, தலைவர் பார்க்க, யார் நிறுத்துவார்கள்? பூனைக்கு மணி கட்டப் புத்தகத்தில் இடம் இருந்தது, கட்டத்தான் ஆள் இல்லை.

தலைவர் என்பவர் ஒயர், சுவிட்ச், செம்புக்கம்பி எல்லாம் மொத்தமாக விற்கிறவர். காயிலக்கா கடைக்கு நேர் எதிரே அவருடைய நாலு ஷட்டர் கடை. பத்தொன்பது வருஷமாக அவர்தான் தலைவர். கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் அவர் கேட்டு யாரும் முடியாது என்று சொன்னதில்லை. இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லே அவர் காதுக்கு மறந்துபோயிருந்தது.

இந்தத் தடவை தீர்மானம் இதுதான்: பழைய தெருவை இடித்துவிட்டு நகராட்சி கட்டுகிற புதுக் கட்டடத்தில், சங்க உறுப்பினர்களுக்கு மட்டும் கடை கேட்பது. உறுப்பினர் என்றால் ஷட்டர் வைத்திருக்கிற அறுபத்திரண்டு கடைகள். பின்சந்தில் ஸ்டூலும் மேஜையும் போட்டு வேலை செய்கிற நாற்பது பேருக்கு, ஜிப்பம்மா, மூக்குக்கண்ணாடி ஒட்டுகிறவர், சாவி போடுகிறவர், செருப்புத் தைக்கிறவர் எல்லாருக்கும் ஷட்டர் இல்லை. ஷட்டர் இல்லாததால் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாததால் கடை இல்லை. நோட்டீஸைப் படித்ததும் காயிலக்காவுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இது அநியாயம் என்று மனசுக்குள் சொன்னாள். மனசுக்குள் சொல்வதற்கு அவளுக்குப் பயம் கிடையாது. காலையில் வழக்கம்போல ஷட்டரை முழுக்கத் தூக்குவது என்றும் அதே மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினாள். இடுப்பு உயரம் வந்ததும் உள்ளே டங் என்று ஒரு சத்தம். ஸ்பிரிங் அறுந்து, ஷட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறுகிக்கொண்டது. தூக்கினாள், அசையவில்லை. இறக்கிப் பார்த்தாள், அதற்கும் அசையவில்லை. குனிந்து தோளைக் கொடுத்து முட்டினாள். பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதவிக்கு வரவில்லை, சைகை செய்யவும் கூடாதே. அதற்குள் செயலாளர் வந்துவிட்டார்.

அவர் நின்றார். ஷட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ஷட்டரைப் பார்த்தார். காயிலக்கா வாயைத் திறந்தாள். பேசக்கூடாது என்ற விதி ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள். விதியை மீறவும் அவளுக்குப் பயம். செயலாளர் பேனாவை உதறி, நோட்டில் எழுதினார். முப்பது வருஷத்தில் சம்மதம் இல்லை என்ற பக்கத்தில் முதல் முதலாக ஒரு குறி விழுந்தது. அவர் அடுத்த கடைக்கு நகர்ந்ததும் அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

செயலாளர் முனை திரும்பியதும் எழுந்து ஓடிப்போய் தலைவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தாள். ஸ்பிரிங் போச்சுங்கண்ணா, எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்லை, ஒரே ஒரு வரி. எழுந்து இரண்டு எட்டு வைத்திருப்பாள், பின்சந்திலிருந்து ஜிப்பம்மா வந்துவிட்டாள். காயிலக்காவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப்போன கை. "எங்களுக்காக யாரும் நிப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்லடி" என்றாள்.

அதன் பிறகு ஸ்பிரிங் என்று எப்படிச் சொல்வது? ஜிப்பம்மாவுக்குப் பின்னால் சாவிக்காரர், அவருக்குப் பின்னால் கண்ணாடிக்காரர். யாரோ டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார்கள். கை நடுங்கி டீ சேலையில் சிந்தியது. அதையும் அவர்கள் உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். எதிர்க்கடை வாசலில் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவளுக்குத் தேவலை. கோபம் இல்லை, யோசனை இருந்தது.

அன்றைக்கு ஒரு டேபிள் ஃபேனுக்குக் காயில் சுற்றினாள். நூற்றெழுபதில் எண்ணிக்கை தப்பியது. அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். தொண்ணூறில் தப்பியது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு எண்ணிக்கை தப்பியதே இல்லை. கம்பியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து பாதி ஷட்டருக்கு அடியில் நுழைந்து வீட்டுக்குப் போனாள். வீட்டுக்குப் போனால் அங்கே மகள். நர்ஸிங் படிக்கிறவள், எப்போதும் போனில் தலையைக் கவிழ்த்திருப்பவள், அன்றைக்கு வாசலுக்கே வந்து, நீயாம்மா, நிஜமாகவே நீயா என்று கேட்டாள். கூடப் படிக்கிற பெண்ணின் அப்பா செருப்புத் தைக்கிறவராம், போன் பண்ணிச் சொன்னாராம். மகள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் காயிலக்கா பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. அவளிடமும் ஸ்பிரிங் என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் தலைவர் ஆள் அனுப்பினார். நாலு ஷட்டர் கடையின் பின்பக்கம் அவருடைய அறை. ஏசி போட்டிருந்தது, நாற்காலியில் குஷன் இருந்தது. காயிலக்கா குஷனின் நுனியில் உட்கார்ந்தாள். தலைவர் அவளுடைய மகளின் படிப்பை விசாரித்தார், வீட்டுக்காரரின் முதுகுவலியை விசாரித்தார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, ஷட்டர் சிக்கிடுச்சுன்னு எனக்குத் தெரியும். நான்தான் இங்கிருந்து பாத்தேனே, நீங்க தோளைக் கொடுத்து முட்டுனதை. அது தெருவுக்கும் தெரியணும், அவ்வளவுதான்" என்று ஒரு தாளை முன்னால் தள்ளினார். டைப் அடித்த தாள். அதன் மேல் பேனா.

அவள் படித்தாள். முதல் வரி, ஷட்டர் கோளாறால் பாதியில் நின்றது என்பது. சத்தியமான வார்த்தை. இரண்டாவது வரி, தீர்மானத்தை முழு மனதோடு ஆதரிக்கிறேன், மறுபடி பார்க்க அவசியம் இல்லை என்பது. பேனாவைப் பார்த்ததுமே அவள் கை ஈரமாகிவிட்டது. ஃபாக்டரி கேட்டின் பூட்டு கண் முன்னால் வந்தது. அவள் துணிச்சல்காரியாக இருந்திருந்தால் அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாள், கதை முடிந்திருக்கும். பயந்தவளாக இருந்ததால் போடவில்லை. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். எழுந்தபோது நாற்காலி தரையில் கிறீச்சிட்டது, அதற்கும் மன்னிப்புக் கேட்டாள்.

தலைவர் கோபிக்கவில்லை. கேளுங்க, கேளுங்க, அவசரமில்லை என்றார். அவள் கதவைத் தாண்டும்போது, இந்த மாசம் உங்க லைசென்ஸ் புதுப்பிக்கணும் இல்லையா, சங்கத்துக் கடிதம் வேணுமே, ஞாபகப்படுத்துங்க என்றார். அவ்வளவுதான் சொன்னார். சங்கத்துக் கடிதம் இல்லாமல் லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் கடை கிடையாது. மறுபடியும் மாடிப்படிக்கு அடியில், தலை நிமிர்த்த முடியாமல் உட்கார்ந்திருப்பது போல அவளுக்குத் தோன்றியது. அந்தப் படியையும் இப்போது இடிக்கப்போகிறார்கள்.

சாயங்காலம் கம்பி வாங்கப் போனால், தலைவர் கடைப் பையன்கள் அந்த அளவுக் கம்பி ஸ்டாக் இல்லை என்றார்கள். ரேக்கில் சுருள் சுருளாக இருந்தது அவள் கண்ணுக்கே தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே தேற்றிக்கொண்டு திரும்பினாள். கடைக்கு வந்தால், தலைவர் அனுப்பிய ஷட்டர் மெக்கானிக் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தான். புது ஸ்பிரிங். காசு வேண்டாம், அண்ணாச்சி சொல்லிட்டார் என்றான். முறுக்கி முறுக்கி ஏற்றினான். ரொம்ப இறுக்கமாக இருக்கே என்று அவள் கேட்டதற்கு, இனிமே விரலால தொட்டா போதும், தானா மேல ஓடும், பாதியில நிக்கவே நிக்காது என்று பெருமையாகச் சொன்னான். அவளை அவன் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே தொழில் பெருமைதான்.

அடுத்த நாள் இன்னொரு வேடிக்கை. வேடிக்கை என்று நமக்குச் சொல்லலாம், அவளுக்கு ஈரக்குலை நடுங்கியது. பெயிண்ட் கடைக்காரர் ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, விலை சொல்கிறவர் போல அவள் கடைக்குள் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அக்கா, என் தம்பியும் பின்சந்துலதான் வாட்ச் ரிப்பேர் பண்றான். நீங்க நின்னா, நாளைக்கு நானும் நிக்கிறேன்" என்றார்.

சொல்லிவிட்டு டப்பாவை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். அரை மணி நேரத்தில் பாத்திரக்கடைக்காரர் வந்தார். பிறகு நூல், பட்டன் விற்கிற அக்கா. கடைசியாக, யாரோடும் பேசாத பேட்டரிக் கடைக்காரர். ஒவ்வொருவருக்கும் பின்சந்தில் ஒரு ஆள் இருந்தார்; ஒரு தம்பி, ஒரு பழைய கூட்டாளி, தன் கடைச் சாமானை வாங்கிப் பிழைக்கிற ஒரு வாடிக்கை. பட்டனக்கா கேட்ட கேள்வி இவள் காதிலேயே நின்றது: பின்சந்துத் தையல்காரர்கள் போய்விட்டால் நான் பட்டனை யாருக்கு விற்பது? எல்லாரும் வெவ்வேறு வார்த்தையில் சொன்னது ஒன்றுதான். நீங்க நின்னா நாங்க நிக்கிறோம்.

நாலு பேர். அவளோடு ஐந்து. அந்த ஐந்து என்ற எண் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது. நான் நிற்கவில்லை ஐயா, என் ஷட்டர்தான் நின்றது என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல நினைத்தாள். ஒவ்வொருவரும் அவளை வேறு யாரையோ பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். அந்த வேறு யாரோவைப் பற்றி நினைத்தபோது அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. புலி வாலைப் பிடித்த கதை என்பார்களே, இவள் பிடிக்கக்கூட இல்லை. வாலே வந்து கையில் சுற்றிக்கொண்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஸ்பிரிங், தாள், லைசென்ஸ், நாலு பேர். அவர் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார். குழாயை மூடினார். அவர் முகத்திலும் பயம் இருந்தது. இருபது வருஷமாகக் குழந்தைகளை ஏற்றி இறக்குகிறவருக்குப் பயம் என்றால் என்ன என்று தெரியும், அதை மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"பயமா இருந்தா தூக்கிடும்மா. நாம என்ன பெரிய ஆளுங்களா? யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"நினைப்பாங்க."

"சரி, நினைப்பாங்க. நான் நினைக்க மாட்டேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பயம் ஒரு இம்மியும் குறையவில்லை. இப்போது எல்லாப் பக்கமும் பயமாகிவிட்டது. தூக்கினால் ஜிப்பம்மாவின் முகம், நிறுத்தினால் தலைவரின் முகம். ஷட்டரே இல்லாமல் இருந்த காலத்தில் நிம்மதியாக இருந்தேனே என்றுகூட நினைத்தாள். பிறகு அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது. அந்த ஆறு வருஷமும், எந்த நாள் எழுந்து போகச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். ஜிப்பம்மா இன்னமும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

காலை பத்து மணி. தெருவில் அறுபத்திரண்டு கடைக்காரர்களும் அவரவர் பூட்டுக்கு முன்னால் நின்றார்கள். பின்சந்தின் வாயில் நாற்பது பேரும் கூட்டமாக, சத்தமில்லாமல் நின்றார்கள். ஜிப்பம்மா முன்வரிசையில் இருந்தாள். தலைவர் தன் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு, நேர் எதிரே, காயிலக்காவைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அன்பான சிரிப்புதான். பூட்டைத் திறந்தாள். ஷட்டரின் அடியில் கையைக் கொடுத்தாள். பாதி, பாதி என்று மனசு சொன்னது. கை தலைவரின் பேச்சைக் கேட்டது. ஷட்டர் விர்ரென்று மேலே ஓடி, முட்டி நின்றது.

போயிற்று. முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. வெட்கம் கெட்ட நிம்மதி, தோள் இரண்டும் தானாகத் தளர்ந்தன. தலைவர் தலையை ஆட்டினார். பின்சந்துப் பக்கம் அவள் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பினாள்.

பெயிண்ட் கடை ஷட்டர் பாதியில் நின்றது. அதற்கு அப்பால் பாத்திரக்கடை, பாதி. எதிர்ச்சாரியில் பட்டனக்கா, பாதி. கடைக்கோடியில் பேட்டரிக் கடை, பாதி. நாலு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள். நாலு பேரும் அவளுடைய முழு ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயிண்ட் கடைக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. அது கோபம் அல்ல, அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம் அது. ஃபாக்டரி பூட்டியிருந்த அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே நின்ற எல்லாருக்கும் இருந்த முகம். வாழ்நாளெல்லாம் மற்றவர்களைப் பார்த்து இவள் பயந்திருக்கிறாள். இவளால் இன்னொருவர் பயந்து நிற்பதை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தாள். அதை அவளால் தாங்க முடியவில்லை.

செயலாளர் மூன்று கடை தள்ளி வந்துகொண்டிருந்தார். காயிலக்கா கொக்கிக் கம்பியை எடுத்தாள். கம்பி ஷட்டர் விளிம்பில் மாட்டாமல் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை மாட்டியது, இழுத்தாள். தெரு முழுக்கக் கேட்கிற சத்தத்தோடு ஷட்டர் கீழே வந்தது. கம்பியைக் கீழே போட்டுவிட்டு விளிம்பைக் கையால் பிடித்தாள். விட்டால் மேலே ஓடிவிடும், அவ்வளவு இறுக்கமாக முறுக்கியிருந்தான் அந்த மெக்கானிக். இரண்டு கையாலும் இடுப்பு உயரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முழு எடையையும் அதன் மேல் போட்டு நின்றாள். உடம்பு நடுங்கியது. உடம்போடு சேர்ந்து ஷட்டரும் கடகடவென்று நடுங்கியது. தலைவர் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

செயலாளர் வந்து நின்றார். முன்னும் பின்னும் பார்த்தார். நல்ல மனுஷன், வயதானவர், இவளுக்கு ஒரு வழி விட நினைத்தார். முப்பது வருஷமாகக் காத்த விதியை மீறி, உதடு அசையாமல், மெதுவாகக் கேட்டார்.

"ஸ்பிரிங்காம்மா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கடிதம் வரும், லைசென்ஸ் வரும், கம்பி ஸ்டாக் வரும். காயிலக்காவுக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

"இல்லண்ணா. ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு. நான்தான் புடிச்சிட்டு நிக்கிறேன். சீக்கிரம் எழுதுங்க, கை வலிக்குது."